இரண்டாவது குரல்

பாட்டின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மெட்டின் சரித்திரத்தைத்தான் எழுதுகிறார்கள். மெட்டுக்குக் கீழே நின்று இன்னொரு குரலில் பாடியவன் அதில் இடம்பெறுவதில்லை. அவன் பாடியதைத் தனியே பிரித்தெடுத்தால் அது பாட்டாகவே தோன்றாது என்பது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு என்று எனக்குப் படுகிறது.

இது எனக்கு உறைத்தது ஓர் அமெரிக்க இசைத்தட்டைக் கேட்டபோது. 'பீச் பாய்ஸ்' குழு 1966 மே மாதம் வெளியிட்ட 'பெட் ஸவுண்ட்ஸ்'. மதுரையில் ஒரு நண்பரின் மாடியறையில், பிரதியிலிருந்து பிரதியெடுத்த காஸெட்டில் கேட்டேன். மூன்று சகோதரர்கள், அவர்களுடைய அத்தை மகன், பள்ளித் தோழன் ஒருவன், பின்னால் வந்து சேர்ந்த இன்னொருவன். இவ்வளவுதான் குழு. மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்கையில் மூத்தவர் பிரையன் வில்ஸன் ஊரிலேயே தங்கி, ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்துப் பின்னணியைப் பதிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த தம்பிமாருக்குப் பாடுவதுதான் மீதியிருந்த பெரிய வேலை. பிரையனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காது. ஸ்டீரியோ புழக்கத்துக்கு வந்துவிட்ட அந்நாளிலும் அவர் தட்டை மோனோவிலேயே முடித்தார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது பத்தாம் இடத்தோடு நின்றது. இங்கிலாந்தில் இரண்டாம் இடம்வரை போயிற்று.

என்னை நிறுத்தி வைத்தது இந்த விவரங்கள் அல்ல. அப்பாட்டுகளில் பல, தனியாகிப்போன ஒருவனின் பேச்சு. உலகத்தோடு ஒட்டாதவனின் முறையீடு. அதை ஐந்தாறு பேர் சேர்ந்து பாடுகிறார்கள்! தனிமையைச் சொல்லத் தனிக்குரல்தான் வேண்டும் என்பதை நம் புதுக்கவிதை எழுதாத விதியாகவே வைத்திருந்தது. 'நான்' என்று தொடங்கி 'நான்' என்று முடிகிற கவிதைகளை நானும் எழுதியிருக்கிறேன். ஒருவன் தனிமையை இன்னொருவன் கீழே நின்று தாங்கிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இத்தனைக்கும் இது மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். அவர்கள் கொண்டுவந்த பாட்டுகள் நான்கு குரலுக்கு அமைந்தவை. ஆனால் அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளை. ராகமும் தாளமுமாக ஒற்றை மெட்டில் ஓடுபவை. சபைகளில் இரண்டும் தங்கின. கீர்த்தனை என்றால் எல்லாருக்கும் ஒரே குரல். பாமாலை என்றால் தெரிந்தவர்கள் பிரிந்து பாடுவார்கள். தெரியாதவர்கள் மெட்டோடு போவார்கள்.

திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சபையில் பாமாலைக்கு நான் மேல்குரல், அண்ணன் கீழ்க்குரல். மில்லில் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு வந்து கடைசி வரிசையில் நிற்பார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைப்பார்கள். அண்ணன் பாடினார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னையும் ஒருமுறை கீழ்க்குரலுக்கு நிறுத்தினார்கள். மூன்றாம் அடிக்குள் மெட்டுக்கு வழுக்கிவிட்டேன். "உன் பாட்டை நீ பாடு. ஆனா காதை அங்க வையி" என்றார் அண்ணன். எனக்கு அது வாய்க்கவில்லை. ஒன்று பாடுவேன், அல்லது கேட்பேன்.

அன்று மதுரை ஜில்லாவிலிருந்த பண்ணைப்புரத்தில் இன்னொரு சகோதரர் குழு இருந்தது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். தம்பிகள் கூட நின்றார்கள். குரல் உடையாத வயதில் ராசய்யா பெண்குரலில் பாடியதுண்டு. ராசய்யா பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜாவாக வந்தது எல்லாரும் அறிந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹௌ டு நேம் இட்?' 1986இல் வந்தது. அண்ணன் பாவலர் அன்னக்கிளியையே பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். இளையராஜா சினிமாப் பாட்டில் குரல்மேல் குரல் அடுக்கினார், நாம் கேட்டோம். வானொலியில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ஒன்றுதான்: 'மற்றும் குழுவினர்'.

சென்னையில் எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் இளைஞர் சேர்ந்திசைக் குழு அமைத்துப் பாரதியைப் பல குரலில் பாடவைத்தார். மதுரையில் இதை வேறு திசையில் யோசித்தவர் அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அறியப்பட்டவர். கீர்த்தனையில் மேல்சாதி ருசி ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. கிராமத்து மெட்டை எடுத்தார், பறையைச் சேர்த்தார், அதன்மேல் குரல்களைப் பிரித்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சங்கதி. சேர்ந்து பாடுவதும் அவருக்கு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். 2005இல் மறைந்தார். நம் சிற்றேடுகள் அவரைப் போதுமான அளவு கவனிக்கவில்லை. சபைக்காரர் என்று ஒதுக்கினோம் போலும். நாமும் மெட்டை மட்டும் கேட்கிறவர்கள்தாம்.

வில்ஸன் சகோதரர்களில் டென்னிஸ் 1983இலும், கார்ல் 1998இலும், பிரையன் 2025இலும் இறந்தார்கள். தட்டு இருக்கிறது. யாருடைய குரல் எது என்று பிரித்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் அண்ணனுக்குத் தட்டு இல்லை. அவர் போன பிறகு ஓர் இரவு, நாங்கள் பாடிய பாமாலை ஒன்றின் கீழ்க்குரலை நினைவுபடுத்தப் பார்த்தேன். ஒரு அடிகூட வரவில்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டது. புத்தகத்தில் கீழ்க்குரல் அச்சாகியிருக்கிறது. ஆனால் அண்ணனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவர் பாடியது காதால் அவரே கண்டுபிடித்தது. ஆகவே அது எங்கும் இல்லை. என் குரலை வைத்துத்தான் இனி ஊகிக்க வேண்டும். எந்த இடங்களில் நான் பயமில்லாமல் மேலே ஏறினேனோ அந்த இடங்களில் அவர் இருந்திருப்பார்.