உருக்காலையின் உடையவர் யார்?

இரும்பின்றி இக்காலத்தில் இல்லறமும் இல்லை, தொழிலும் இல்லை. அடுக்களைக் கரண்டி முதல் ஆற்றுப் பாலம் வரை அதன் ஆட்சியே நடக்கின்றது. நம் அத்திபெலேயின் நெடுஞ்சாலை ஓரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், உருக்குத் தகட்டுச் சுருள்களையும் கட்டுக்கம்பிகளையும் சுமந்த லாரிகள் ஒசூருக்கும் பெங்களூருக்குமாகச் சென்றுகொண்டே இருப்பதைக் காணலாம். டாடா, ஜிந்தால், செயில் என்ற பெயர்களை நாம் நன்கு அறிவோம். பெயரை அறிந்ததனாலேயே உடையவரையும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். ஆயின் பெயர் ஓரிடத்திலும் உடைமை வேறோரிடத்திலும் இருப்பது இத்தொழிலில் புதுமை அன்று.

இது முதலாளிகளின் கணக்கு, நமக்கென்ன என்று தள்ளிவிடலாகாது. நம் காலனிக் குடும்பங்களுள் பல, ஆலை ஊதியத்தால் வாழ்வன. ஆலையின் பெயர்ப்பலகை மாறும் நாளில், பிராவிடண்டு நிதிக்கும் பணிக்கொடைக்கும் ஊதிய பாக்கிக்கும் யாரிடம் சென்று முறையிடுவது என்ற கேள்வி எழுகின்றது. அதற்கு விடை காண உருக்குத் தொழிலின் வரலாறே நமக்கு நல்ல ஆசான்.

ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பணிபுரிவோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. வாகன் நின்ற இடத்திலேயே நிற்கும். சரக்கும் அதனுள்ளேயே இருக்கும். ஆயினும் சரக்கு ரசீதின் பின்புறத்தில் இடப்படும் கையொப்பத்தால் சரக்கின் உடையவர் மாறிவிடுவார். வாகனில் ஒட்டிய சீட்டைப் பார்த்து உடையவரை அறிய முடியாது. ரசீதைப் பார்த்தே அறிய வேண்டும். ஆலைகளின் நிலையும் அத்தகையதே. பங்குகள் யாருடையவை? ஆலையை நடத்துவோர் யார்? ஆலைக்கு உயிரான சுரங்கம் யார் கையில் உள்ளது? இம்மூன்று கேள்விகளையும் தனித்தனியே கேட்டால் எத்தகைய சிக்கலும் அவிழும்.

பரங்கிப்பேட்டையும் பர்ன்பூரும்

தமிழகத்திலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். தாது சேலத்தினின்று வந்தது, எரிபொருள் மரக்கரி. முன்பணம் கொடுத்து உதவியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1833இல் இவ்வாலை பரங்கிப்பேட்டை உருக்கு இரும்புக் கம்பெனி என்ற பெயரைப் பெற்றது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய அமைப்பு தோன்றி இதனை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியது, முதலிட்டோர் மாறினர், நட்டம் மட்டும் மாறவில்லை. 1874இல் அக்கம்பெனியும் கலைக்கப்பட்டது. ஒருவர் கனவில் தோன்றி, மற்றவர் கடனில் வளர்ந்து, பிறிதொருவர் கையில் முடிந்தது அவ்வாலையின் கதை.

அதன்பின் நம் நாட்டில் 'நிர்வாக ஏஜென்சி' என்றொரு முறை வேரூன்றியது. பங்குகளுக்குப் பணம் கொடுத்தவர் பலர். ஆலையை ஆள்பவரோ ஓர் ஏஜெண்டுக் கம்பெனியார். அவர்கள் வைத்திருந்த பங்குகள் சிலவாயினும், ஒப்பந்தத்தின் பலத்தால் அதிகாரம் முழுதும் அவர்களிடமே இருந்தது. வங்காளத்தில் 1918இல் தோன்றிய இந்திய இரும்பு உருக்குக் கம்பெனி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மார்ட்டின் பர்ன் நிறுவனத்தார் அதனை நடத்தினர். 1937இல் பக்கத்திலேயே வங்காள உருக்குக் கார்ப்பொரேஷன் என்னும் வேறொரு கம்பெனி அமைந்தது. ஒரே நிர்வாகத்தின் கீழ் இரு கம்பெனிகள்; ஒன்று வார்ப்பிரும்பு ஆக்கும், மற்றொன்று உருக்கு ஆக்கும்! 1953இல் இரண்டும் ஒன்றாயின. 1970இல் நிர்வாக ஏஜென்சி முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1972இல் அரசாங்கம் அந்த ஆலையின் நிர்வாகத்தை மட்டும் ஏற்றது. தனியார் பங்குகளை 1976இல்தான் தனதாக்கியது. அதாவது, நான்காண்டுக் காலம் ஆள்பவர் ஒருவர், உடையவர் வேறொருவர். 2006இல் அது செயிலுடன் முற்றிலும் இணைந்தது.

பத்ராவதியின் பாடம்

நாம் குடியேறி வாழும் இக்கர்நாடக மாநிலத்திலேயே, தமிழர் பல்லாயிரவர் பிழைப்புத் தேடிச் சென்று வேரூன்றிய உருக்கு நகரம் பத்ராவதி. அதன் வரலாறு நம் நெஞ்சுக்கு நெருக்கமானது.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், சர் எம். விசுவேசுவரய்யாவின் முயற்சியால் திட்டமிடப்பட்ட அவ்வாலை, 1923இல் இரும்பு வார்க்கத் தொடங்கியது. கெம்மண்ணுகுண்டி மலையின் தாதுவும் சுற்றுப்புறக் காடுகளின் மரக்கரியும் அதற்கு உணவாயின. அந்நாளில் உடையவர் யார் என்று கேட்டால் விடை எளிது: மைசூர் அரசாங்கம். பணம், நிர்வாகம், சுரங்கம், காடு ஆகிய அனைத்தும் ஒரே கையில் இருந்தன.

1962இல் அது மைசூர் இரும்பு உருக்கு லிமிடெட் என்னும் அரசாங்கக் கம்பெனியாயிற்று. மாநில அரசுக்கு 60, மத்திய அரசுக்கு 40 என்ற விகிதத்தில் பங்குகள் பிரிந்தன. பின்னர் விசுவேசுவரய்யாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1989இல் அது செயிலின் துணைக் கம்பெனி ஆயிற்று. 1998இல் செயிலுடனேயே இணைக்கப்பட்டது.

இவ்விரண்டு சொற்களின் வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். துணைக் கம்பெனி என்பது தனிக்குடித்தனம் வைக்கப்பட்ட மகனைப் போன்றது. அதற்குத் தனிப் பெயர், தனி இயக்குநர் குழு, தனிக் கணக்கு உண்டு. இணைக்கப்பட்ட ஆலைக்கோ இவை யாவும் இல்லை. அது பெரிய குடும்பத்தின் ஓர் அறை. 1998க்குப் பின் பத்ராவதியில் ஆலை இருந்தது, வாயிலில் விசுவேசுவரய்யாவின் பெயர் இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படியொரு கம்பெனி இல்லை. முடிவு செய்யும் மேசை தில்லிக்குப் போய்விட்டது. அந்தச் செயிலிலும் மத்திய அரசின் பங்கு, குடியரசுத் தலைவர் பெயரில் உள்ள 65 விழுக்காடே. மிகுதியை வங்கிகளும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் பொதுமக்களும் வைத்துள்ளனர்.

இதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. தனக்கெனத் தாதுச் சுரங்கம் கிட்டாமல் ஆலை நலிந்தது. 2016இல் அதை விற்பதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டது; 2019இல் வாங்க விரும்புவோர் அழைக்கப்பட்டனர்; தக்கவர் கிட்டாமையால் 2022இல் விற்பனை கைவிடப்பட்டது. 2023 ஜனவரியில் ஆலையை மூடும் முடிவு வந்தது. தொழிலாளர் நாள்தோறும் அறப்போர் நடத்தினர். அவ்வாண்டு ஆகஸ்டில் கம்பி உருட்டும் பிரிவு மீண்டும் இயங்கத் தொடங்கியது. கதவடைக்கும் முடிவை எடுத்தவர்கள் வாயிலில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்தனர். ஆதலின் முறையீட்டை உரிய இடத்திற்கு, தில்லிக்கும் அமைச்சகத்திற்கும் கொண்டு சென்றனர்.

ஒரு பெயர், பல உடையவர்

தனியார் துறையில் முடிச்சு வேறு வகையானது. ஜிந்தால் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஓ. பி. ஜிந்தாலின் மைந்தர் நால்வரும் தனித்தனித் தொழில் நடத்துகின்றனர். பல்லாரிக்கருகே தோரணகல்லில் உள்ள பேராலை சஜ்ஜன் ஜிந்தாலின் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தைச் சேர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கு ஆக்கும் ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் ரத்தன் ஜிந்தால் வழியினது. நவீன் ஜிந்தாலின் கம்பெனி வேறு. பிருதிவிராஜ் ஜிந்தாலின் குழாய்க் கம்பெனி வேறு. ஒன்றில் வேலை பார்த்தவர் மற்றொன்றில் உரிமை கோர இயலாது.

பூஷண் என்ற பெயரிலும் இரண்டு உருக்குக் கம்பெனிகள் இருந்தன. கடன் சுமையால் இரண்டும் நொடித்தன. ஒன்றை 2018இல் டாடாவும் மற்றதை 2021இல் ஜே.எஸ்.டபிள்யூவும் வாங்கின. குஜராத்தின் ஹசீராவில் எஸ்ஸார் நடத்திய ஆலையை 2019இல் ஆர்செலார் மிட்டலும் ஜப்பானின் நிப்பான் ஸ்டீலும் கூட்டாகப் பெற்றன. அந்த ஆர்செலார் மிட்டலோ, லட்சுமி மிட்டலின் கம்பெனியும், பிரான்சு, ஸ்பெயின், லக்சம்பர்க் நாடுகளின் மூன்று பழைய ஆலைக் குழுக்கள் 2002இல் சேர்ந்து உருவான ஆர்செலாரும் 2006இல் கலந்து பிறந்தது.

டாடா ஸ்டீலில் முழு உடைமையும் ஒரு குடும்பத்தினுடையது என்று பலர் நினைப்பர். டாடா சன்ஸ் கம்பெனியும் அதன் சார்பினரும் வைத்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அந்த டாடா சன்ஸின் பங்குகளிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு அறக்கட்டளைகளுடையவை.

கடல் கடந்த காட்சி

இங்கிலாந்தில் 1967இல் பெரிய உருக்குக் கம்பெனிகள் பதினான்கை நாட்டுடைமையாக்கிப் பிரிட்டிஷ் ஸ்டீல் உருவாயிற்று. 1988இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. 1999இல் டச்சு நாட்டு ஹூகோவன்சுடன் சேர்ந்து கோரஸ் ஆயிற்று. 2007இல் டாடா அதை வாங்கியது. 2016இல் ஸ்கன்தார்ப் நகர ஆலையுள்ள பகுதி ஒரே ஒரு பவுனுக்குக் கிரேபுல் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறிற்று. பழைய பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பெயரும் மீண்டது. மூன்றாண்டில் அது நொடித்தது. 2020இல் சீனாவின் ஜிங்யே வாங்கியது. 2025 ஏப்ரலில் உலைகள் அணையும் நிலை வந்தபோது, பார்லிமெண்டு ஒரே நாளில் சட்டமியற்றி நிர்வாகத்தைத் தன் கட்டுக்குள் கொணர்ந்தது. பங்குகளோ அப்போது ஜிங்யேயிடமே இருந்தன. பர்ன்பூரில் 1972இல் நடந்ததையே அங்கும் காண்கிறோம்.

இக்கைமாற்றங்களுக்கிடையே 2017இல் அங்குள்ள உருக்குத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதி, கம்பெனியினின்று பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,30,000 பேர் அந்நிதியின் உறுப்பினர். குறுகிய காலத்திற்குள் முடிவு செய்ய வேண்டிய நிலையில், ஏறத்தாழ 8,000 பேர் நிதியை விட்டு வெளியேறித் தம் தொகையை வேறிடத்தில் இட்டனர். அவருள் பலர் தவறான ஆலோசனையால் வாழ்நாள் சேமிப்பில் பெரும் பகுதியை இழந்தனர். உடைமைச் சிக்கலின் பாரம் இறுதியில் யார் தலையில் விழுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யத் தக்கவை

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் பயன் யாது? முதலாவதாக, நம் நியமனக் கடிதத்திலும் சம்பளச் சீட்டிலும் உள்ள கம்பெனிப் பெயரை எழுத்துக்கு எழுத்து அறிந்திருத்தல் வேண்டும். வாயிற்பலகையின் பெயர் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத் தாளில் பதிவு அலுவலக முகவரியையும் அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதி. பெயர் மாறியிருப்பின் முந்திய பெயரையும் இரண்டாண்டுக் காலம் காட்ட வேண்டும். அச்சிறு எழுத்துக்களே நமக்குச் சரக்கு ரசீது.

இரண்டாவதாக, ஒப்பந்தக்காரர் வழியே வேலை செய்வோர், ஆலையை நடத்தும் முதன்மை வேலையளிப்பவரின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் அதனைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது.

மூன்றாவதாக, நொடித்த கம்பெனி கலைக்கப்படும்போது, அதற்கு முந்திய 24 மாதங்களுக்கான தொழிலாளர் பாக்கிக்கு, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தோருக்கு இணையான இடம் சட்டத்தில் உண்டு. கோரிக்கையை உரிய காலத்தில், உரிய பெயரில் எழுதிக் கொடுத்தோருக்கே அது கைகூடும். எழுதத் தெரியாத அன்பர்களுக்கு எழுதிக் கொடுப்பது நம் சங்கத்தாருக்கு ஏற்ற தொண்டாகும்.

நம் பிள்ளைகள் பலர் நாளை இத்தொழிற்பேட்டைகளில் அடியெடுத்து வைப்பர். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, கொடுப்பவர் யார் என்றும் கேட்க அவர்களுக்குக் கற்பிப்போம். உழைப்பவன் தன் உரிமைக்குப் பொறுப்பாளி யார் என்பதை அறிந்திருந்தால், பலகை எத்தனை முறை மாறினும் அவன் குடும்பம் கலங்காது.

வாழ்க உழைப்பு! வளர்க நம் சங்கம்!