லயத்து வீட்டில் ஒன்பதாவது பிள்ளை

2014ஆம் ஆண்டு முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப் பாடமாக வந்தது. அதன் தொடக்கத்திலேயே தன் வரலாறும் குடும்ப வரலாறும் இடம்பெற்றன. குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னால், கீழ்வரிசையில் ஒன்றிரண்டு பெயர்களே இருக்கும். பெற்றோர் வரிசையில் ஐந்தாறு. தாத்தா, பாட்டி வரிசைக்குப் போனால் தாளில் இடம் போதாது. எட்டு, ஒன்பது, சில வீடுகளில் அதற்கும் மேல். "அக்காலத்தில் கூட்டுக் குடும்பம், அது தமிழர் மரபு" என்று நாமும் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். காம்பார் வட்டாரத்தைப் பொறுத்தவரை அவ்விளக்கம் பாதிதான் சரி.

காம்பார் ஈயத்தால் எழுந்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வயல்களைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் பின்னர் வளர்ந்தன. நம்மவர்களுள் பெரும்பாலோர் அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே ஓங்கியது. முதல் சில பத்தாண்டுகளில் வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. சில ஆண்டுகள் உழைத்து, ஊர் திரும்புவதே அவர்களுடைய எண்ணம். மாமன், மாமி, அத்தை, சித்தி என்னும் சுற்றம் முழுவதும் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே பெரிய குடும்பம் கப்பலில் ஏறி வரவில்லை. அது இங்கே, லயத்தில் உருவானது.

அதற்கு ஒரு முக்கியக் காரணம் 1938ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இங்கிருந்தவர்கள் இங்கேயே குடும்பமாக வேர்விட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் பெரியப்பா ஆனார். ஒரே ஊர்க்காரர், ஒரே கப்பலில் வந்தவர் என்ற தொடர்பே தாய்மாமன் உறவாக மாறியது. குழந்தைக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே! உண்மையான மாமன் தஞ்சையிலோ திருச்சியிலோ இருக்க, லயத்தில் உள்ள ஒருவர் அவ்விடத்தில் அமர்ந்து மொட்டையும் காதுகுத்தும் நடத்தி வைத்தார். சொந்தம் என்பது இரத்தத்தால் மட்டும் வருவதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் அடுப்படி. வலி கண்டதும் மூத்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டிற்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவச்சி வருவார். வெந்நீர், சாம்பிராணிப் புகை, வசம்பு. யாருடைய குணம் குழந்தைக்கு வர வேண்டுமோ அவரைக் கொண்டு சேனை தொட்டு வைப்பார்கள். தாய்க்குப் பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, இடித்த காய மருந்து. அம்மருந்தின் வாசனை லயம் முழுவதும் பரவுமாதலால், பிள்ளை பிறந்த செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முப்பதாம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் வைத்து, கோயிலில் கும்பிட்டபின் தீட்டுக் கழியும். வீட்டின் நடுக் கட்டையில் பழைய சேலை ஏணையாகத் தொங்கும். அந்தச் சேலை முந்தைய பிள்ளைக்கும் ஏணையாக இருந்தது. அடுத்த பிள்ளைக்கும் இருக்கும்.

ஆயினும் தாய் நெடுநாள் வீட்டில் இருக்க முடியாது. 1930ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குச் சற்று முன், முக்கிய வட்டாரங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு இல்லாமல் வீட்டில் உலை கொதிக்காது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போவாள். அங்கே ஓர் ஆயாவின் பொறுப்பில் வரிசையாக ஏணைகள் ஆடும். ஆயாவின் கை எத்தனை பிள்ளைகளுக்குத்தான் எட்டும்? மீதி வேலை வீட்டின் மூத்த பெண்ணுடையது.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் இனிமையைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்த இனிமைக்கு விலை கொடுத்தவள் யார் என்று கேட்பதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி இருந்தது. மூத்தவள் இடுப்பில் தம்பி இருந்தான். சிலர் தம்பியோடு வந்து வாசலருகில் அமர்ந்து படித்தனர். பலர் இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்றனர். அவள் வளர்த்த தம்பி ஆசிரியரானான், கிராணியானான். அவள் கையொப்பத்திற்குப் பெருவிரல் வைத்தாள். குடும்ப மரத்தில் அவள் பெயர் மற்றப் பெயர்களைப் போல் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பிள்ளைகள் வீட்டிற்கு வந்த வழி பிறப்பு ஒன்று மட்டுமன்று. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பாரில் பெரும் போர் நடந்தது. அதன்பின் ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தை இல்லாத பிள்ளைகளையும், இருவரும் இல்லாத பிள்ளைகளையும் சிற்றப்பன் வீடும் பக்கத்து லயமும் ஏற்றுக்கொண்டன. மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்த காலத்தில் இன்னொரு வாய்க்குப் பங்கு கொடுத்தார்கள். எவரும் தாள் எழுதிக் கையொப்பம் வாங்கவில்லை. "நம்ம பிள்ளை" என்பதே பதிவாக இருந்தது.

அந்தப் பழக்கம் போருக்குப் பின்னும் தொடர்ந்தது. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடலும், 1969க்குப் பின் வேலை அனுமதி இல்லாதோர் இந்தியா திரும்பியதும் குடும்பங்களைச் சிதறடித்தன. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தந்தை கப்பலேற, பிள்ளையை இங்கே அக்காள் வீட்டில் விட்டுச் சென்ற கதைகள் பல உண்டு. அன்பு குறையவில்லை, ஆவணம் மட்டும் இல்லை.

இன்றும் சில வீடுகளில் அப்படியே நடக்கிறது. உறவினர் பிள்ளையை அன்போடு எடுத்து வளர்ப்பார்கள். தத்தெடுப்பை முறைப்படுத்த 1952ஆம் ஆண்டிலேயே சட்டங்கள் வந்துவிட்டன. எனினும் நீதிமன்றப் பக்கமோ பதிவுத் துறைப் பக்கமோ போவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது தெரியவரும். அப்போதும் தள்ளிப்போட்டால், பன்னிரண்டு வயதில் மைகார்ட் எடுக்கும்போது பிள்ளை முகப்பில் நின்று அழும். குழந்தையை வளர்க்க ஏற்றுக்கொண்ட வீட்டார் எவரேனும் உங்கள் லயத்திலோ தாமானிலோ இருந்தால், பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும் முன்பே தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெற்ற தாயின் அடையாளக் கார்டு நகல், திருமணப் பத்திரம், மருத்துவமனையின் பிறப்புக் குறிப்பு, எது கிடைத்தாலும் உடன் கொண்டு போகவும். தாயை விசாரித்து அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போவது நல்லது.