பதினைந்து ஆண்டுகள் போதும் என்றவர்

1990 ஜனவரி 1 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் தம் மின்னஞ்சல் முகவரியைத் துறந்தார். நம்மில் பலர் மின்னஞ்சல் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத காலம் அது.

அவர் புதுமைக்கு அஞ்சியவர் அல்லர். 1971-இல் ரே டாம்லின்சன் ஒரே அறையிலிருந்த இரு கணினிகளுக்கிடையே வலையமைப்பின் வழியே முதல் மடலை அனுப்பிப் பார்த்தார். 1975 வாக்கிலேயே கனூத் மின்னஞ்சலைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு வாழ்நாளுக்கு இது போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அவரது நூலின் கதையை அறிய வேண்டும். 1962-இல், கனூத் ஆய்வு மாணவராக இருந்தபோது, கம்பைலர்கள் பற்றி ஒரு நூல் எழுதித் தருமாறு அடிசன்-வெஸ்லி பதிப்பகம் கேட்டது. 1965-இல் கையெழுத்துப் படி 3000 பக்கங்களை எட்டியிருந்தது. ஒரு நூல் ஏழு தொகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற அவ்வரிசையின் முதல் மூன்று தொகுதிகள் 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அதன்பின் ஒரு தடங்கல். 1977-இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் எழுத்துகள் அவர் கண்ணை உறுத்தின. அச்சுக்கோப்பதற்கென்று 'டெக்' என்னும் மென்பொருளைத் தாமே உருவாக்க இறங்கினார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிவிட்டது. 1990 பிறந்தபோது அவருக்கு 52 வயது நிறைய ஒன்பது நாட்களே இருந்தன. நான்காம் தொகுதி வரவில்லை.

நடப்புகளை உடனுக்குடன் அறிந்திருப்பது சிலருக்குத் தொழில். தமக்கோ ஒன்றன் அடியாழம் வரை சென்று பார்ப்பதே தொழில் என்பது அவர் தந்த விளக்கம். அதற்கு இடையறாத நெடுநேரம் வேண்டும்.

கடிதச்சுமை மின்னஞ்சலோடு பிறந்ததன்று. சார்லஸ் டார்வின் எழுதியனவும் பெற்றனவுமாகக் கிடைத்துள்ள கடிதங்களே ஏறத்தாழ 15,000. ஆயினும் டவுன் கிராமத்து வீட்டில் அவரது நாள் ஒழுங்கு குலையவில்லை. காலை எட்டு முதல் ஒன்பதரை வரை எழுத்து வேலை, அதன்பிறகே கடிதங்கள், பதில் எழுதுவது மதிய உணவுக்குப் பின். தபால்காரர் வாசலைவிட்டுப் போய்விடுவார் என்பது டார்வினுக்கு வாய்த்த பெரும்பேறு. மின்னஞ்சல் என்ற தபால்காரரோ நம் மேசையை விட்டு அகல்வதேயில்லை.

கனூத் செய்ததும் ஏறக்குறைய டார்வினின் ஒழுங்கை மீட்டதுதான். மடல்களைச் செயலர் அச்சிட்டு வைப்பார்; கனூத் அவற்றைச் சேர்த்துவைத்து, மாதக்கணக்கில் தாமதமானாலும், மொத்தமாகப் பார்த்து எழுதுவார். இதில் நமக்கு ஒரு நெருடல் உண்டு. ஒருவரின் கவனத்தைக் காக்க இன்னொருவர் அஞ்சற்பெட்டியின் முன் அமர வேண்டியிருந்தது. செயலர் இல்லாத நம்மனோர்க்கு இவ்வழி முழுமையாகக் கைகூடாது. குறித்த வேளையில் மட்டும் பெட்டியைத் திறப்பது கைகூடும்.

ஆனால் ஒரு சாளரத்தை அவர் அடைக்கவில்லை. நூலிலுள்ள பிழைகளைச் சுட்டுவோர்க்குத் தனி முகவரி இருந்தது. ஒரு பிழையை முதலில் கண்டவருக்கு 2.56 டாலர் காசோலை கிடைக்கும். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் ஒரு டாலராம்! பெற்றவர்கள் பலர் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். மோசடிக்கு அஞ்சி 2008-இல் உண்மைக் காசோலைகளை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் பெயரில் சான்றிதழ் வழங்கலானார்.

1993-இல் ஆசிரியப் பணியிலிருந்தும் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011-இல், மூன்றாம் தொகுதி வெளிவந்து 38 ஆண்டுகள் கழித்து, வந்தது. அடுத்த பகுதி 2022-இல் வந்தபோது அவருக்கு வயது 84. நான்காம் தொகுதி அப்போதும் முடிந்திருக்கவில்லை.