மெத்தோட்ரெக்சேட்: ஒரு சென்னை மாணவரின் கதை

1/ அண்ணாமலை நகர் பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் ஓபிக்கு வந்தார். பல வருஷமா சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவர். கால் வீங்கி, சிவந்து, சீழ். "உங்க மாத்திரைதான சார் இப்படிப் பண்ணுச்சு?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கு. எப்படின்னு புரிய, கொஞ்சம் பின்னாடி போகணும்.

2/ எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். கடைசியில் கிடைச்சது எல்எம்எஸ் சான்றிதழ்தான். நான் பேருக்குப் பின்னாடி போட்டுக்கிற எம்பிபிஎஸ் அவருக்குக் கிடைக்கலை.

3/ அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா உருவாக்கியது. அடுத்து, அதே மாதிரி தோற்றம் கொண்டு செல்களை ஏமாத்துற அமினோப்டெரின். செல் பெருக்கத்துக்கு அது பிரேக் போடும். 1948-ல் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து தற்காலிகப் பலன் கண்டதை வெளியிட்டார். அதே வருஷம் சுப்பாராவ் காலமானார்.

4/ 1951-ல் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்த மருத்துவர்கள், சோரியாசிஸ் திட்டுகளும் மறையுறதைக் கவனிச்சாங்க. பிறகு அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் அந்த இடத்துக்கு வந்தது.

5/ சிக்கல் இதுதான்: இந்த மருந்து நோய் எதிர்ப்பு செல்களையும் அடக்கும். எல்லாருக்கும் வராது, ஆனா சீழ்க்கட்டி, செல்லுலைடிஸ், அக்கி வர வாய்ப்பு கூடலாம். சர்க்கரை நோயோ, கூடவே ஸ்டீராய்டு மாத்திரையோ இருந்தா இன்னும் கவனம் தேவை.

6/ சுப்பாராவ் ஆராய்ச்சியை நடத்திய அதே லெடர்லியில்தான் 1948-ல் முதல் டெட்ராசைக்ளின் ஆன ஆரியோமைசினும் வெளிவந்தது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும், கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் ஒரே இடத்திலிருந்து!

7/ நீங்க செய்ய வேண்டியது:
மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து.
டாக்டர் எழுதிய ஃபோலிக் அமிலத்தையும் ரத்தப் பரிசோதனையையும் விடாதீங்க.
காய்ச்சல், சிவப்பு, சீழ், கொப்புளம் வந்தா அன்னைக்கே வாங்க. அடுத்த டோஸ் போடலாமான்னு கேட்டுட்டுப் போடுங்க.
மெடிக்கல்ல சொந்தமா ஸ்டீராய்டு வாங்காதீங்க. திடீர்னு நிறுத்தினா சோரியாசிஸ் சீழ்க்கொப்புளமா வெடிக்கலாம்.

8/ அந்த அண்ணனுக்கு மாத்திரையை நிறுத்தி வச்சு, ஆன்டிபயாடிக் கொடுத்தோம். கால் ஆறினதும் மறுபடி ஆரம்பிச்சோம். இப்போ சிவப்பு தெரிஞ்சாலே வந்துடுறார்.