மென்பொருள் சோதனை

மென்பொருள் சோதனை என்பது ஒரு மென்பொருள் எதிர்பார்த்தபடி இயங்குகின்றதா என்பதை அறியவும், அதிலுள்ள வழுக்களைப் பயனரைச் சென்றடையும் முன்னரே கண்டறியவும் மேற்கொள்ளப்படும் செயற்பாடு ஆகும். இதனைச் செய்பவர் மென்பொருள் சோதனையாளர் எனப்படுகின்றார். சோதனையின் மூலம் வழு உண்டு என்று காட்டலாம். வழுவே இல்லை என்று நிறுவ இயலாது. ஆகவே எவற்றைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதே இத்துறையின் முதன்மையான திறன் ஆகும்.

வரலாறு

தொடக்ககாலத்தில் நிரலை எழுதியவரே அதனைச் சோதித்தும் வந்தார். பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்குடன் நிரலை இயக்குவதே சோதனை என்னும் கருத்தை கிளென்போர்டு மையர்சு 1979 இல் வெளியிட்ட தமது நூலில் வலியுறுத்தினார். 1996 சூன் 4 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி ஒரு நிமிடத்திற்குள் அழிந்தது. ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்ட நிரல், 16 பிட்டில் அடங்காத பெரிய எண்ணைக் கையாள இயலாமற் போனதே காரணம். புதிய ஏவூர்தியின் பறப்புப் பாதைக்கு ஏற்ப அந்நிரல் சோதிக்கப்படவில்லை. 2002 இல் பன்னாட்டு மென்பொருள் சோதனைத் தகுதிகள் வாரியம் தொடங்கப்பட்டது.

சோதனை நிலைகள்

- அலகுச் சோதனை: நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதித்தல்.
- ஒருங்கிணைப்புச் சோதனை: பகுதிகள் இணைந்து இயங்குவதைச் சோதித்தல்.
- முறைமைச் சோதனை: முழு மென்பொருளையும் தேவைகளுடன் ஒப்பிடல்.
- ஏற்புச் சோதனை: பயனரின் ஒப்புதலுக்காகச் செய்யப்படுவது.

ஒரு மாற்றத்தின் பின்னர், முன்பு சரியாக இயங்கியவை இன்னும் இயங்குகின்றனவா எனப் பார்ப்பது பின்னடைவுச் சோதனை ஆகும். இது மீண்டும் மீண்டும் செய்யப்படுவதால் பெரும்பாலும் தானியங்கு முறையில் அமைக்கப்படுகின்றது.

தமிழ் உரையைச் சோதித்தல்

தமிழ் இலக்கணப்படி எழுத்துகள் 247. ஒருங்குறியில் அகர உயிர்மெய் தவிர்ந்த ஏனைய உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடங்கள் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனிக் குறியீடுகளாகும். இதனால் தோன்றும் வழுக்களைக் கடலூர் மாவட்டப் பெயர்களைக் கொண்டே விளக்கலாம்.

- கடலூர்: 4 எழுத்துகள், 6 குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் 18 பைட்டுகள்.
- சிதம்பரம்: 6 எழுத்துகள், 9 குறியீடுகள், 27 பைட்டுகள்.

ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் மட்டும் ஒதுக்கி, எஞ்சியதை வெட்டிவிடும் மென்பொருளில் கடலூர் முழுமையாகப் பதிவாகும். சிதம்பரம் "சிதம்ப" என்று குறைந்து, இறுதியில் பொருளற்ற ஒரு குறியும் தோன்றக்கூடும். கடலூரை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இவ்வழு புலப்படாது. ஒருவரது பெயர் சான்றிதழில் இவ்வாறு வெட்டுப்பட்டால் இழப்பு அவருக்கே. எனவே எல்லைக்குச் சற்றுக் கீழும், சரியாக எல்லையிலும், சற்று மேலும் அமையும் உள்ளீடுகளைச் சோதிக்க வேண்டும். இது எல்லைமதிப்புப் பகுப்பாய்வு எனப்படும்.

சிதம்பரத்தை அடுத்து ஓடும் கொள்ளிடம் ஆற்றின் பெயர் மற்றொரு எடுத்துக்காட்டு. "கொ" என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறி, கால் ஆகிய இரண்டாகவும் பதியலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறி இயல்பாக்கம் செய்யாத மென்பொருளில், ஒரு வடிவத்தில் தேடினால் மற்ற வடிவம் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுள்ளதால் இத்தகைய சோதனைகள் அரசுப் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இன்றியமையாதவை.

தொழில் வளர்ச்சி

புதிதாகச் சேரும் சோதனையாளர் பொதுவாகப் பிறர் எழுதிய சோதனை நேர்வுகளை இயக்கி முடிவுகளைப் பதிவு செய்கின்றார். அடுத்து, தாமே நேர்வுகளை எழுதுதல், தானியங்கு நிரல் அமைத்தல், இடர்களை மதிப்பிட்டுத் திட்டமிடல், குழுவை வழிநடத்தல் என வளர்கின்றார். செயல்திறன் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றில் தனித்தேர்ச்சி பெறுவதும் உண்டு.

நல்ல வழு அறிக்கையில் வழுவை மீண்டும் தோற்றுவிக்கும் படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, இயக்கச் சூழல் ஆகியன இடம்பெறும். "தமிழ் வரவில்லை" என்னும் அறிக்கையால் நிரலாளர் எதனையும் திருத்த இயலாது. "சிதம்பரம் என உள்ளிட்டுச் சேமித்தால் இறுதி இரண்டு எழுத்துகள் சிதைகின்றன" என்பது திருத்தத்திற்கு வழிகாட்டும்.

சான்றிதழ்கள் கலைச்சொற்களையும் முறைகளையும் அறிய உதவுகின்றன. பயன்பாட்டுத் துறை பற்றிய அறிவு அவற்றிற்கு ஈடான மதிப்புடையது. தமிழ் மென்பொருளைப் பொறுத்தவரை எழுத்திலக்கண அறிவும் அத்தகையதே. 1929 இல் நிறுவப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. தமிழ் உரையைச் சோதிப்பவருக்கு இவ்விரு துறைகளும் தேவைப்படுகின்றன.