23 மாணவர்களோடு தொடங்கிய பள்ளி: மலாயா, சிங்கப்பூர் மருத்துவக் கல்வியின் வரலாறு

"1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது." மாணவர்கள் பலரும் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால், அந்த வரிக்குப் பின்னால் ஒரு முக்கியமான கேள்வி இருக்கு. ஒரு தொழிற்கல்வி எப்போது முழுமை அடைகிறது? பள்ளிக்கூடம் திறந்த நாளிலா, பட்டம் வாங்கிய நாளிலா, இல்லை படித்தவருக்கு உரிய இடம் கிடைத்த நாளிலா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

1. முதல் முயற்சி ஏன் தோற்றது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத் தொழிலும் ஈயச் சுரங்கங்களும் தோட்டங்களும் பெருகின. மக்கள்தொகையும் கூடவே பெருகியது. மலேரியா, பெரிபெரி, காலரா போன்ற நோய்கள் ஆயிரக்கணக்கானோரை வாட்டின. ஆனால் டாக்டர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். நோயாளி பேசும் மொழி டாக்டருக்குப் புரியாது; டாக்டர் சொல்வது நோயாளிக்குப் புரியாது.

1889இல் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் மேக்ஸ் சைமன், உள்ளூர் இளைஞர்களுக்கு இங்கேயே பயிற்சி தரலாம் என்று பரிந்துரைத்தார். மறு ஆண்டு நடந்த தகுதித் தேர்வில் இரண்டே பேர்தான் தேறினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக மாணவர்களை மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். இன்றைய சென்னை அன்று நம் வட்டாரத்துக்கே மருத்துவம் சொல்லிக்கொடுத்த ஊர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. பள்ளிக் கல்வி பலமாக இல்லாத இடத்தில் தொழிற்கல்வி காலூன்ற முடியாது.

2. மக்கள் பணத்தில் எழுந்த பள்ளி

1904 செப்டம்பரில் சீன சமூகத் தலைவரும் வணிகருமான டான் ஜியாக் கிம், மற்ற சமூகத் தலைவர்களோடு சேர்ந்து ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம் மருத்துவப் பள்ளி கேட்டு மனு கொடுத்தார். அரசாங்கம் ஒரு நிபந்தனை விதித்தது: முதலில் 71,000 வெள்ளி திரட்டிக் காட்டுங்கள் என்றது.

மக்கள் திரட்டியது 87,077 வெள்ளி! அதில் டான் ஜியாக் கிம் மட்டும் கொடுத்தது 12,000 வெள்ளி. கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார்கள். இனி அரசாங்கம் மறுக்க வழியில்லை.

1905 ஜூலை 3ஆம் தேதி, சிப்பாய் லைன்ஸ் பகுதியில் பழைய மனநல மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. டாக்டர் படிப்புக்கு ஐந்து ஆண்டுகள். மருத்துவமனை உதவியாளர் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள். 'மருத்துவமனை உதவியாளர்' என்றால் மாணவர்களுக்குச் சட்டென்று புரியாது. நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளிடம் 'டிரெஸ்ஸர்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். டாக்டரே எட்டிப் பார்க்காத தோட்டங்களில் காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் அவர்கள் கையில்தான் இருந்தன.

3. பட்டம் வந்தது, பதவி வரவில்லை

1910இல் முதல் ஏழு பேர் டாக்டர்களாக வெளியே வந்தார்கள். 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தப் படிப்பை அங்கீகரித்தது. அதாவது, சிங்கப்பூரில் படித்தவரும் லண்டனில் படித்தவரும் சட்டப்படி டாக்டர்கள்தான். 1921இல் பள்ளி, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? அதுதான் இல்லை. அரசாங்க வேலையில் சேர்ந்த உள்ளூர் டாக்டர்களுக்குக் கிடைத்தது 'உதவி மருத்துவ அதிகாரி' பதவி. மேல்பதவிகள் ஐரோப்பியர்களுக்கே போயின. சம்பளத்திலும் வித்தியாசம். அங்கீகாரம் தாளில் இருந்தது, நாற்காலி மட்டும் வேறொருவருக்கு.

4. மேற்பயிற்சி திறந்த கதவு

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் என்றால் சிங்கப்பூர் மாணவர்களுக்குத் தெரியும். 1971இல் அதிபரானார் என்பதும் தெரிந்திருக்கும். அவர் இந்தக் கல்லூரியில் 1929இல் தேர்ச்சி பெற்ற மகப்பேறு மருத்துவர் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம்.

1940இல் பிரிட்டனில் மேற்படிப்புக்கான உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. போர் வந்து அதைத் தடுத்தது. ஜப்பானியர் காலத்தில் ஆங்கிலேய டாக்டர்கள் சிறைமுகாமில் இருந்தபோது, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் உள்ளூர்த் தாய்மார்களின் மகப்பேற்றுப் பிரிவை அவர்தான் கவனித்துக்கொண்டார். உள்ளூர் டாக்டர்களால் தலைமைப் பொறுப்பு ஏற்க முடியாது என்ற வாதம் அப்போதே பொய்யாகிப் போனது. போருக்குப் பின் லண்டன் சென்று சிறப்புத் தகுதி பெற்றார். திரும்பி வந்து தம் துறையின் பேராசிரியரும் ஆனார்.

1949இல் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1957இல் சிங்கப்பூரில் மருத்துவக் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, சிறப்பு மருத்துவர்களுக்கான மேற்பயிற்சிக்கு இங்கேயே ஒரு பாதை உருவானது. 1960களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தனி மருத்துவப் புலம் வந்தபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். சிங்கப்பூர்க் கல்லூரியில் படித்த ஒருவரே அடுத்த கல்லூரியைக் கட்டி எழுப்பினார்.

ஆக, 23 மாணவர்கள் உட்கார்ந்த நாளில் பள்ளி தொடங்கியது உண்மைதான். ஆனால் அங்கே படித்தவர்களே அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்தும் நிலை வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. இடையில் மூன்று படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது: பயிற்சி, அங்கீகாரம், சம வாய்ப்பு. தாதியர், முதியோர் பராமரிப்பாளர், சமூக சேவையாளர் என்று இன்று எந்தத் தொழிலை எடுத்தாலும் இதே மூன்று படிகள்தான். பயிற்சி கொடுத்துவிட்டு மேலே வர வழிவிடாமல் இருந்தால் நல்லவர்கள் அந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார்கள்.

மாணவர்களுக்கு:

தேர்வில் ஆண்டுகளை மட்டும் வரிசையாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் 'ஏன்?', 'அதனால் என்ன ஆச்சு?' என்று இரண்டு கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

வகுப்பில் கலந்துரையாட:

அ) 1890இல் தோற்ற முயற்சி 1905இல் வெற்றி பெற்றதற்கு இரண்டு காரணங்களைக் கூறுக.

ஆ) 1916இல் கிடைத்த அங்கீகாரம் உள்ளூர் டாக்டர்களின் நிலையை எந்த அளவுக்கு மாற்றியது? உங்கள் கருத்தைச் சான்றுகளோடு எழுதுக.

இ) உங்கள் குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ டிரெஸ்ஸர், தாதி, மருத்துவச்சி யாராவது இருந்தார்களா? மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள் என்று பத்து வரிகளில் எழுதி வாருங்கள்.