வெட்ஜ் பேங்க் தூண்டில் மீன்பிடிப்பு

வெட்ஜ் பேங்க் என்பது கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் அமைந்துள்ள பரந்த மேட்டுப்பகுதி. இந்தியப் பெருங்கடல், அரபிக்கடல், வங்காள விரிகுடா ஆகிய மூன்றின் நீரும் கலக்கும் இடத்தில் உள்ளது. செப்பிலி, கலவா, விளைமீன் முதலிய பாறை மீன்களுக்குப் பெயர்பெற்றது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் இங்கே தூண்டில் போடுவது குமரிக் கடற்கரை மீனவர்களின் ஆபத்தான தொழில்களில் ஒன்றாக இருந்துவருகிறது. இந்த மீன்பிடிப்பின் வரலாறு, மீன் இருக்கும் இடத்தைச் சென்றடைவதைவிட அங்கிருந்து கரை திரும்புவதே கடினம் என்பதைக் காட்டுகிறது.

நிலவியல்

கண்டத்திட்டு கன்னியாகுமரிக்குத் தெற்கே அகன்று நீள்கிறது. அதன் ஒரு பகுதியே வெட்ஜ் பேங்க். பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி 200 மீட்டருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. ஒளியும் சத்துக்களும் கிடைப்பதால் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், சிறு மீன்களைத் தேடிப் பெரிய மீன்களும் வருகின்றன.

அடித்தளம் முழுவதும் மணல் அல்ல. இடையிடையே பாறைத் திட்டுகள் உண்டு. குமரி மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்று அழைக்கின்றனர். பாறை இடுக்குகளில் வாழும் மீன்களை வலையிட்டுப் பிடிப்பது கடினம், வலை பாறையில் சிக்கிக் கிழியும். ஆகவே பார்களில் தூண்டிலே முதன்மையான கருவியாக நிலைத்தது.

மீன்கள்

செப்பிலி லுட்ஜானஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மீன். சென்னையில் சிவப்பு நிறமுள்ள இவ்வகை மீன்களைச் 'சங்கரா' என்ற பெயரில் விற்பதுண்டு. ஆங்கிலத்தில் இவை 'ஸ்னாப்பர்' எனப்படும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வாடகைப் படகுகளில் சென்று பொழுதுபோக்காகப் பிடிக்கப்படும் 'ஸ்னாப்பர்' வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த மீன்.

பாறை மீன்கள் மெதுவாக வளர்பவை, நீண்ட காலம் வாழ்பவை. கலவா மீன்களில் பல இனங்கள் பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாக மாறுகின்றன. பெரிய மீன்கள் மட்டும் தொடர்ந்து பிடிக்கப்பட்டால் ஆண் மீன்கள் குறைந்து இனப்பெருக்கம் பாதிக்கப்படும். ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்படும்போது மீனின் காற்றுப்பை விரிந்து இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அத்தகைய மீனை அப்படியே கடலில் விட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வாடைக் காற்று

வடகிழக்குப் பருவத்தில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று, தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடா வழியாக நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. இந்தியாவின் தென்முனைக்கு அப்பால் அது திறந்த கடலில் பாய்கிறது. வெட்ஜ் பேங்க் அதன் பாதையில் உள்ளது.

இதே காலத்தில் இலங்கைக்குத் தெற்கே கடல் நீரோட்டமும் மேற்கு நோக்கி ஓடுகிறது. மீனவர் மொழியில் நீரோட்டம் 'நீவாடு'. காற்று, நீவாடு இரண்டும் கரையிலிருந்து அப்பால் தள்ளுவதால், வாடைக் காலத்தில் இயந்திரம் பழுதான படகு கரை ஒதுங்காது. லட்சத்தீவு, மாலத்தீவு திசையில் அடித்துச் செல்லப்படும். தென்மேற்குப் பருவத்தின் அலைகள் உயரமானவை என்றாலும், மேற்குக் கடற்கரையில் அவை படகைக் கரைப்பக்கமாகத் தள்ளுகின்றன. வாடையின் தனித்த ஆபத்து இந்தத் திசை வேறுபாட்டில் உள்ளது.

கட்டுமரக் காலம்

இயந்திரங்கள் வருவதற்கு முன் கட்டுமரங்களும் பாய் வள்ளங்களும் பயன்பட்டன. இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாய் விரித்துச் சென்று, பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் காற்றில் திரும்புவது வழக்கம். வாடை வலுத்தால் இந்தத் தினசரி ஒழுங்கு குலையும். போவது எளிதாகவும் வருவது அரிதாகவும் ஆகும். எனவே கரைக்கு அருகிலிருந்த பார்களே கட்டுமரத்தாரின் களமாக இருந்தன. மேட்டின் தொலைவான பகுதிகள் அவர்களுக்கு எட்டவில்லை.

பார்களின் இடத்தை மீனவர் 'கணியம்' என்னும் முறையால் அறிந்தனர். கரையிலுள்ள மலை முகடு, கோயில் கோபுரம், தேவாலயக் கோபுரம் போன்ற அடையாளங்களில் இரண்டை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பர். வேறு திசையில் மற்றோர் இணையையும் அவ்வாறே பார்ப்பர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. கரை கண்ணில் தெரியும் தொலைவு வரையே கணியம் செல்லும்.

இழுவைக் கப்பல்கள்

வெட்ஜ் பேங்கை முதலில் பெருமளவில் பயன்படுத்தியது இலங்கையே. 1920 முதல் 1923 வரை இலங்கை அரசு 'லில்லா' என்னும் கப்பலைக் கொண்டு கடலடி ஆய்வு நடத்தியது. வெட்ஜ் பேங்கும், பருத்தித்துறைக்கு அப்பாலுள்ள பேதுரு மேடும் இழுவை மீன்பிடிப்புக்கு ஏற்றவை என அந்த ஆய்வு கண்டது. 1928-ல் 'புல்புல்' என்னும் இழுவைக் கப்பல் வணிக அளவில் மீன்பிடிக்கத் தொடங்கியது. பின்னர் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய 'மேப்பிள் லீஃப்' உள்ளிட்ட கப்பல்களும் ஈடுபட்டன. காற்றை எதிர்த்துச் செல்லும் இயந்திர வலிமை இக்கப்பல்களுக்கு இருந்தது.

இந்தியாவில் 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையை மையமாகக் கொண்டு மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கியது. தென்மேற்குக் கடற்பகுதியின் பாறை மீன் களங்களும் ஆய்வுக்கு உள்ளாயின. அந்த ஆய்வுக் கப்பல்களில் ஒன்றின் பெயரே 'கலவா'. 'வருணா' என்னும் மற்றோர் ஆய்வுக் கப்பலின் முடிவுகளை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1969-ல் வெளியிட்டது.

1976 உடன்பாடு

1976 மார்ச் 23-ல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் கடல் எல்லையை வகுத்தன. அதையொட்டிய கடிதப் பரிமாற்றத்தின்படி வெட்ஜ் பேங்க் இந்தியாவின் முழு உரிமைக்குட்பட்ட பகுதியானது. இந்தியா தனிப் பொருளாதார மண்டலத்தை நிறுவியதிலிருந்து 3 ஆண்டுகளுக்கு இலங்கையின் 6 கப்பல்கள் உரிமம் பெற்று மீன்பிடிக்கலாம் என்றும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. கச்சத்தீவு பற்றிய விவாதங்களில் இந்த உடன்பாடு அடிக்கடி குறிப்பிடப்படுகிறது.

தூத்தூர் மீனவர்கள்

1980-களில் குமரிக் கடற்கரையில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவின. முட்டம், அஞ்சுதெங்கு போன்ற ஊர்களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டன. பின்னர் பெரிய விசைப்படகுகள் வந்தன.

ஆழ்கடல் தொழிலில் முன்னோடிகளாக அறியப்படுபவர்கள் குமரி மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள தூத்தூர் வட்டார மீனவர்கள். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்கள் இவ்வட்டாரத்தில் அடங்கும். இவர்கள் சுறா, சூரை, பாறை மீன்களைத் தேடி நீண்ட தூரம் செல்கின்றனர். கைத்தூண்டிலுடன், நீண்ட கயிற்றில் ஏராளமான கொக்கிகளைக் கட்டும் ஆயிரங்கால் தூண்டிலையும் பயன்படுத்துகின்றனர். கணவாய், சாளை போன்றவை இரையாகின்றன. படகிலேயே பல நாட்கள் தங்கிப் பிடிப்பது 'தங்கல்' எனப்படுகிறது. சில பயணங்கள் ஒரு மாதத்துக்கு மேலும் நீள்வதுண்டு.

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மாதங்கள் மீன்பிடித் தடைக்காலம். அதன் பின் தொடங்கும் பருவத்தின் நடுவில் வாடைக்காலம் வருகிறது. கடலில் சம்பாதிக்க வேண்டிய மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றாகவே அமைகின்றன. எதிரொலி மானியும் ஜிபிஎஸ் கருவியும் கணியத்தின் இடத்தைப் பிடித்ததால், கரை கண்ணில் தெரிய வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆனால் கரையின் குரல் கேட்கும் தொலைவு அந்த அளவுக்கு வளரவில்லை. படகுகளிலிருந்த விஎச்எஃப் வானொலி சில பத்து கடல் மைல்களுக்கு அப்பால் பயன்படாது.

ஒக்கிப் புயல்

2017 நவம்பர் 29-ல் இலங்கையின் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாக வலுப்பெற்றது. வங்கதேசம் அளித்த பெயர்ப்படி 'ஒக்கி' எனப்பட்டது. வெட்ஜ் பேங்கும் அதன் மேற்கேயுள்ள மீன்பிடிக் களங்களும் முதலில் பாதிக்கப்பட்டன. புயல் மேலும் தீவிரமடைந்து லட்சத்தீவைக் கடந்து, வடக்கே திரும்பி, சூரத்துக்கு அருகே வலுவிழந்து கரை சேர்ந்தது.

தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலானதால் எச்சரிக்கைக்குக் கிடைத்த நேரம் குறைவு. கரையில் இருந்தவர்களுக்கே அது போதாதபோது, முன்பே தங்கலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எந்தச் செய்தியும் எட்டவில்லை. கவிழ்ந்த படகுகளைப் பற்றிக்கொண்டு பலர் நாள்கணக்கில் மிதந்தனர். மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடச் சென்றனர். தேடுதலை விரைவுபடுத்தக் கோரி டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மறியல் செய்தனர்.

குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் கூடுதலாக ஒரு துயரை எதிர்கொண்டன. பொதுவான சட்டப்படி, ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்தவராகக் கருதப்படுவார். அதுவரை இறப்புச் சான்றிதழோ அதைச் சார்ந்த உதவிகளோ கிடைப்பது கடினம். தமிழக அரசு இந்த விதியின்படி காத்திராமல், காணாமல் போனோரின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கியது.

பின்விளைவுகள்

ஒக்கிக்குப் பின் ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பு முதன்மையான கோரிக்கையானது. செயற்கைக்கோள் தொலைபேசிகளும், இஸ்ரோவின் நாவிக் அமைப்பைப் பயன்படுத்தும் செய்தி பெறும் கருவிகளும் மீனவர்களுக்கு வழங்கப்பட்டன. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்னும் கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. இதன்வழி, செல்பேசி அலைவரிசை எட்டாத தொலைவிலும் புயல் எச்சரிக்கை கிடைக்கும். அது செய்தியைப் பெற மட்டுமே உதவும். ஆபத்திலிருப்பவர் அதன்வழிக் கரையை அழைக்க முடியாது.

எச்சரிக்கை கிடைத்தாலும் பல நூறு கடல் மைல் தொலைவிலுள்ள படகு கரை சேர நாட்கள் ஆகும். பனிக்கட்டி, டீசல், உணவு ஆகியவற்றுக்கான செலவு பயணம் தொடங்கும் முன்பே செய்யப்பட்டிருக்கும். பாதியில் திரும்பினால் அது கடனாக நிற்கும். வாடைக்காலத்தில் தூண்டிலை இழுத்துக்கொண்டு திரும்புவதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா என்ற முடிவை இந்தக் கணக்கோடு சேர்த்தே படகோட்டி எடுக்க வேண்டியுள்ளது.